கோத்தகிரி லேத்தும் கோவை டூல் கடையும்

கோத்தகிரி பக்கம் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து நான்கரை அடி லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றைத் தை மாதம் வாங்கினேன். பெல்ட்டில் ஓடுவது, 1 குதிரைத்திறன் மோட்டார், உச்ச வேகம் நிமிடத்துக்கு 600 சுற்று. கம்பியைப் பிடித்துச் சுழற்றும் மூன்று தாடை சக் மட்டும் கூடவே வந்தது. வண்டியில் ஏற்றும்போது காவலாளி ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். உள்ளே மழுங்கிய டூல்கள், பாதி துரு.

அவசரப்பட்டு, இணையத்தில் ஏழு துண்டு இன்சர்ட் டூல் (வெட்டு முனையை மட்டும் மாற்றிக்கொள்ளும் டூல்) செட் ஒன்றை 2,400 ரூபாய்க்கு வரவழைத்தேன். பெட்டியைத் திறந்ததும் மனம் குளிர்ந்தது. டூலைப் பிடித்துக்கொள்ளும் டூல் போஸ்ட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஹோல்டரின் உயரம் 20 மி.மீ.; என் லேத்தில் டூல் உட்காரும் தளத்திலிருந்து சென்டர் வரை, அதாவது டூல் நுனி நிற்க வேண்டிய சுழல் அச்சு வரை, 16 மி.மீ.தான். டூல் தாழ்ந்திருந்தால் அடியில் தகடு கொடுத்து ஏற்றிவிடலாம். உயர்ந்து நின்றால் அடியைச் சீவ வேண்டும், அதற்கு மில்லிங் மெஷின் வேண்டும். பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லையாம்.

அதன் பிறகே கோவைக்கு இறங்கினேன். காந்திபுரம் பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பழைய டூல் கடை. பலகையில் எழுத்துகூட மங்கிவிட்டது. கல்லாவில் இருந்த பெரியவர் விலையைப் பற்றியே பேசவில்லை. “லேத் எத்தனை சுற்று ஓடுதுங்க?” என்றார். 600 என்றதும் கார்பைடு (வேக ஓட்டத்துக்கான மிகக் கடினமான வெட்டு முனை) அலமாரியை மூடிவிட்டார். ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார்: 25 மி.மீ. கம்பி 600 சுற்றில் ஓடினால் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 47 மீட்டர். மைல்டு ஸ்டீலில் கார்பைடு சரியாக வெட்ட 100 மீட்டருக்கு மேல் வேண்டும். ஹைஸ்பீடு ஸ்டீல் என்ற டூல் எஃகுக்கு 30 போதும்.

மிராண்டா கம்பெனியின் அரை அங்குலச் சதுர ஹைஸ்பீடு ஸ்டீல் டூல் பிட் (முனையைத் தீட்டி வெட்டும் கட்டை) இரண்டு, கம்பியைத் துண்டிக்கும் பார்ட்டிங் பிளேடு ஒன்று, துளைக்கு முன் நடுக்குழி போடும் சென்டர் டிரில் இரண்டு எடுத்துவைத்தார். தேயிலை மெஷின்களின் வார்ப்பிரும்புப் புல்லிகளும் என்னிடம் வரும் என்றதால், கே20 ரகக் கார்பைடு முனை பற்றவைத்த டூல் ஒன்றையும் சேர்த்தார். வார்ப்பின் மேல்தோல் ஹைஸ்பீடு ஸ்டீலைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஒரு பிட்டைத் தன் கிரைண்டரிலேயே தீட்டிக் கொடுத்து, “இதைப் பார்த்து இன்னொன்றை நீங்களே தீட்டுங்க” என்றார். இதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

குறையும் உண்டு. மதியம் ஒன்றரை மணி நேரம் கடையைப் பூட்டிவிடுகிறார்கள். நான் வெளியே வெயிலில் நின்றேன். டிரில் சக் ஆர்பர் (துளை போடும் சக்கை லேத்தில் மாட்டும் கூம்புத் தண்டு) விஷயத்தில் பழி என்மேல். அது உட்காரும் டெயில்ஸ்டாக் (லேத்தின் பின்முனைத் தாங்கி) துளையை அளக்காமல் போய் எம்டி3 கூம்பு அளவு கேட்டேன், என்னுடையது எம்டி2. மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அதற்கு இன்னொரு நாள், இன்னொரு பஸ் டிக்கெட்.

அரை அங்குல பிட்டுக்கு அடியில் ஹாக்ஸா பிளேடு துண்டுகள் ஐந்தைப் பல் தேய்த்து அடுக்கினேன். உயரம் ஏறக்குறைய 16-க்கு வந்துவிட்டது. சரிபார்க்க ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் போதும். கம்பிக்கும் டூல் நுனிக்கும் இடையில் அதை மெல்ல அழுத்தினேன். முதலில் ஸ்கேலின் மேல்முனை என் பக்கம் சாய்ந்தது, டூல் தாழ்வு என்று பொருள். ஒரு சிகரெட் அட்டைத் துண்டைச் செருகியதும் நேராக நின்றது. ஓட்டியபோது சீவல் நீலம் பாயாமல், வெள்ளையாகச் சுருண்டு விழுந்தது. அன்று மாலையே பக்கத்துத் தோட்டத்து பம்புக்கு ஒரு புஷ் (தண்டு உட்காரும் வளையம்) கடைந்து கொடுத்தேன்.

இங்கே மூடுபனியில் ஒரே இரவில் துரு பிடித்துவிடுகிறது என்பதால் பிட்களை எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கிறேன். அடுத்து அதே கடையில் 8 அங்குல நான்கு தாடை சக் வாங்க வேண்டும். விலை பேசி முடித்தாயிற்று. அந்தக் கனத்தைக் கோத்தகிரி பஸ்ஸில் ஏற்ற எந்த நடத்துநர் சம்மதிப்பார் என்பதுதான் தெரியவில்லை.