ஸ்லக்கா, பவுண்டா, பவுண்டலா? ஒரு கண்டி பஞ்சை வைத்துப் பார்ப்போம்

கப்பலூர் பக்கத்துப் பட்டறைகளுக்கு அமெரிக்க வரைபடம் வந்தால் அடி, அங்குலத்தை யாரும் மாற்றிவிடுவார்கள். மாட்டிக்கொள்வது நிறையில்தான். அங்கே பவுண்டு என்ற ஒரே சொல் நிறையையும் குறிக்கும், விசையையும் குறிக்கும், எந்த இடத்தில் எது என்று தாளில் எழுதியிருக்காது.

இதைச் சமாளிக்க மூன்று வழி உண்டு. நிறையை ஸ்லக்கில் வைத்து விசையைப் பவுண்டில் வைப்பது ஒன்று; ஒரு பவுண்டு விசை எந்த நிறைக்கு வினாடிக்கு வினாடி ஓர் அடி முடுக்கம் தருமோ அதுதான் ஒரு ஸ்லக். நிறையைப் பவுண்டில் வைத்து விசையைப் பவுண்டலில் எடுப்பது இன்னொன்று; ஒரு பவுண்டு நிறைக்கு அதே முடுக்கம் தரும் விசைதான் ஒரு பவுண்டல். இரண்டையும் பவுண்டாகவே விட்டு, சூத்திரத்துக்குள் 32.174 என்ற வகுஎண்ணை, அதாவது அடியில் சொன்ன புவியீர்ப்பு முடுக்கத்தை, செருகுவது மூன்றாவது.

மில் வேலை தெரிந்த மதுரைக்காரர்களுக்குக் கண்டி தெரியும். கிலோ வந்து அறுபது வருஷம் தாண்டியும் பஞ்சு விலையைக் கண்டிக்குத்தான் சொல்கிறோம். ஒரு கண்டி 784 பவுண்டு, அதாவது சுமார் 355.6 கிலோ. அதை ஒரு ஹாய்ஸ்ட் மேலே இழுக்கிறது, முடுக்கம் வினாடிக்கு வினாடி 2 அடி என்று வைத்துக்கொள்வோம். சும்மா தொங்கவிடவே 784 பவுண்டு விசை வேண்டும், அதற்கு மேல் முடுக்கத்துக்கு எவ்வளவு?

ஸ்லக்கில் போட்டால், 784-ஐ 32.174-ஆல் வகுக்க 24.37 ஸ்லக், அதை 2-ஆல் பெருக்க 48.7 பவுண்டு விசை. பவுண்டலில் போட்டால், 784 பெருக்கல் 2, 1568 பவுண்டல், பிறகு 32.174-ஆல் வகுத்தால் அதே 48.7. மூன்றாவது வழியிலும் இதே விடைதான். ஆக வித்தியாசம் ஒன்றே ஒன்று: அந்த வகுத்தலை முதலில் செய்கிறோமா, நடுவிலா, கடைசியிலா.

முதலிலேயே வகுத்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி, அதாவது ஸ்லக். நடுவில் வைத்தால் மறந்துபோகும், எனக்கு இது பட்டுத் தெரிந்தது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், குழாயில் வினாடிக்கு 10 அடி வேகத்தில் ஓடும் தண்ணீரின் இயக்க அழுத்தத்தை (பாதி அடர்த்தி பெருக்கல் வேகத்தின் வர்க்கம்) கணக்குப் போட்ட பையன், அடர்த்தியைக் கன அடிக்கு 62.4 பவுண்டு என்று அப்படியே சூத்திரத்தில் போட்டுவிட்டான். சதுர அங்குலத்துக்கு 0.67 பவுண்டு வர வேண்டிய இடத்தில் 21.7 வந்து நின்றது. அவனைத் திட்டிப் பயன் இல்லை, 62.4 சரியான எண்தானே! 1.94 ஸ்லக் என்று முதலிலேயே எழுதியிருந்தால் தவறவே வழி இல்லை.

பவுண்டல் கணக்கில் சுத்தமானது, ஆனால் பவுண்டல் காட்டும் கேஜை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை, அதனால் அதை விட்டுவிடலாம்.

அதற்காக எல்லாவற்றையும் ஸ்லக்காக்க வேண்டாம். வாங்குவது, விற்பது, லாரியில் ஏற்றுவது எல்லாம் பவுண்டுதான். நூல் கவுண்ட்டே பவுண்டில்தான் நிற்கிறது, 40-ஆம் நம்பர் நூல் என்றால் 840 கெஜச் சிட்டம் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு. இங்கே முடுக்கம் இல்லை, ஸ்லக்குக்கு வேலையும் இல்லை.

அப்புறம் ஒரு சந்தேகம் அடிக்கடி வரும், நியாயமான சந்தேகம். மதுரை நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், இங்கே புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 32.09 அடிதான், அப்போது 32.09-ஆல் வகுக்க வேண்டாமா? கூடாது. பவுண்டிலிருந்து ஸ்லக்குக்கு மாற்றும் 32.174 நிலையான முடுக்கமான 9.80665 மீட்டரிலிருந்து வந்தது, ஊருக்கு ஊர் மாறாது. ஒரு ஸ்லக் எங்கே போனாலும் 14.594 கிலோதான். ஊர் மாறினால் மாறுவது எடை: நம் கண்டி இங்கே தொங்கும்போது கயிற்றில் விழும் விசை 784 இல்லை, கிட்டத்தட்ட 782. சாதாரண வேலைக்கு இதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை, லோடு செல் (விசையை அளக்கும் கருவி) காலிபரேஷன் செய்கிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

பழைய பிரிட்டிஷ் அளவுகளுக்குப் போக ஸ்லக்கிலிருந்து நேராகத் தாவாமல் பவுண்டு வழியாகப் போங்கள். ஸ்டோன் என்றால் 14 பவுண்டு, ஹண்ட்ரட்வெயிட் 112, அதில் ஏழு சேர்ந்ததுதான் நம் கண்டி. டன் என்று மட்டும் போட்டிருந்தால் உடனே கேட்டுவிடுங்கள், பிரிட்டிஷ் டன் 2240 பவுண்டு, அமெரிக்க டன் 2000. அவுன்ஸும் அப்படித்தான், தெற்காவணி மூல வீதிக் கடைகளில் உலகச் சந்தைத் தங்க விலை பேசும்போது வரும் அவுன்ஸ் 31.1 கிராம், இயந்திர வரைபடத்தில் வருவது 28.35 கிராம்.

அலகு போடாத கணக்குத் தாள் கைக்கு வந்தால் நான் முதலில் தண்ணீரின் அடர்த்தியைத்தான் தேடுவேன். 1.94 என்றிருந்தால் ஸ்லக், 62.4 என்றால் பவுண்டு, 1000 என்றால் கிலோவில் போட்டிருக்கிறார்கள்.