லொக்டெப்பும் சாதனச் சார்புகளும்: ஒரு நிலைபொருள் ட்ரைவரோடு நெடுநாள் பழகிய அனுபவம்

திருகோணமலையில் மீன் வைக்கும் குளிர் அறைகளைக் கண்காணிக்க ராஸ்பெரி பை 3 பலகைகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். கொட்பே பக்கம் சில இருக்கின்றன, நிலாவெளி வீதியில் சில இருக்கின்றன. அறை சூடேறினாலோ மின்சாரம் போனாலோ உரிமையாளருக்குச் செய்தி போக வேண்டும், வேலை அவ்வளவுதான். ஆனால் அது தவறினால் ஓர் இரவில் ஒரு படகின் உழைப்பு முழுவதும் கெட்டுப்போகும். அதனால்தான் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பூட்டுச் சோதனைக் கருவி லொக்டெப்பையும், சாதனங்களின் சார்புகளைக் கவனிக்கும் ஏற்பாடுகளையும் இவ்வளவு காலம் விடாமல் பயன்படுத்தி வருகிறேன். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதே என் முடிவு. ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாதபடி பூட்டு காக்கிறது. அந்தத் தரவைத் தாங்கி நிற்கும் சாதனம் இன்னும் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

ராஸ்பெரி பையில் நிலைபொருள் (ஃபர்ம்வேர்) ஓடுவது லினக்ஸ் ஓடும் ஆர்ம் கருக்களில் அல்ல, பக்கத்தில் இருக்கும் வீடியோகோர் என்ற வேறு செயலியில். இருவரும் பார்க்கக்கூடிய நினைவகத்தில் லினக்ஸ் ஒரு கோரிக்கையை எழுதி, அதன் முகவரியை, இரண்டுக்கும் இடையே செய்தி கடத்தும் மெயில்பொக்ஸின் 8ஆம் தடத்தில் அனுப்புகிறது. முகவரியின் கடைசி 4 பிட்டுகளில் தட எண் உட்காருவதால் அந்த இடம் 16 பைட் எல்லையில் தொடங்கியாக வேண்டும். நிலைபொருள் அதே இடத்தில் பதிலை எழுதி, இரண்டாவது சொல்லில் பதினறும எண் 80000000ஐ வெற்றிக் குறியாக வைக்கிறது. கெர்னலோடு வரும் ட்ரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்), ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே உள்ளே விடும் பூட்டான ஒரே ஒரு மியூடெக்ஸால் இந்தப் பரிமாற்றத்தைக் காத்து, பதிலுக்கு ஒரு வினாடி வரை காத்திருக்கிறது. கடிகாரம், மின்னழுத்தக் கண்காணிப்பு, பை 3இன் சில ஜிபிஐஓ (பொது உள்ளீட்டு, வெளியீட்டு) முனைகள் எல்லாம் இந்த ஒற்றை வாசல் வழியாகவே போகின்றன.

எங்களுக்கு வந்த, மின்சுற்றைத் திறந்து மூடும் ரிலே அட்டையின் ட்ரைவரும் அதே வாசலைத் தட்டுகிறது. அதை எழுதியவர்கள் திறமையானவர்கள். சாதாரண நாளில் குறையே தெரியாது. ஆனால் மின்சாரம் போனதை அறிவிக்கும் இன்டரப்ட் (வன்பொருள் குறுக்கீடு) வந்தால், அந்த ட்ரைவர் ஸ்பின்லொக் எனும் சுழன்று காத்திருக்கும் வகைப் பூட்டு ஒன்றைப் பிடித்தபடியே நிலைபொருளிடம் மின்னழுத்த நிலையைக் கேட்கிறது. ஸ்பின்லொக்கைப் பிடித்திருப்பவர் தூங்கக் கூடாது, அதாவது செயலியை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. நிலைபொருளிடம் கேட்டால் தூங்காமல் முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், எல்லா வீட்டிலும் விசிறியும் குளிரூட்டியும் ஓடும்போது, மின்சாரம் போன அந்தக் கணத்திலேயே பலகை உறைந்துவிடும். உரிமையாளர் மின்சாரத்தைக் குறை சொல்வார். அவரைப் பிழை சொல்ல முடியாது, மின்சாரம் போனதும் உண்மைதானே.

பலகைக்கு வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் நிலைபொருள் அதைக் குறித்து வைக்கிறது. கெர்னலின் கண்காணிப்பு ட்ரைவர் 2 வினாடிக்கு ஒருமுறை அதே மியூடெக்ஸ் வழியாக அதைக் கேட்கிறது. தன் வேலையைத் தூங்கக்கூடிய பணிவரிசையில் வைத்திருப்பதால் அதற்குச் சிக்கல் வருவதில்லை. நல்ல முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது.

தூங்கக் கூடாத இடத்தில் தூங்குவதைக் கெர்னலின் அணுநிலைத் தூக்கச் சோதனை உடனே சொல்லிவிடும், ஆனால் அந்தப் பாதை ஓடினால்தான். லொக்டெப்பும் அப்படித்தான்: ஓடாத பாதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே மேசையில் வைத்துப் பலகையின் மின்சாரத்தைக் கையால் தாழ்த்தி, ரிலேயை இழுத்து, எல்லாக் கிளைகளையும் ஓடவைத்த பிறகே அறிக்கையை நம்புகிறோம்.

லொக்டெப்பின் உண்மையான பெருமை பூட்டு வரிசையில் தெரிகிறது. அதை இங்கோ மொல்னாரும் ஆர்ஜன் வான் டி வெனும் எழுதினார்கள். 2006இல் கெர்னல் 2.6.18இல் சேர்ந்தது. அதே அட்டை ட்ரைவர் தன் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு கடிகார வேகத்தை மாற்றக் கேட்கிறது. அந்த அழைப்பு கடிகாரச் சட்டகத்தின் பெரிய மியூடெக்ஸை எடுக்கிறது. இன்னொரு பக்கம், வேகம் மாறும்போது வரும் அறிவிப்பு அந்தப் பெரிய மியூடெக்ஸின் கீழ் ஓடி, ட்ரைவரின் மியூடெக்ஸைக் கேட்கிறது. இரண்டு இழைகள் ஒரே கணத்தில் சந்தித்தால் இரண்டும் நிரந்தரமாக நிற்கும். அந்தச் சந்திப்பு நடக்க வேண்டும் என்றே இல்லை: இந்த வரிசை ஒருமுறை, எதிர் வரிசை ஒருமுறை, தனித்தனி நாட்களில் ஓடியிருந்தாலும் போதும், லொக்டெப் வட்டத்தை வரைந்து காட்டிவிடுகிறது. களத்தில் நாங்கள் ஒருபோதும் கண்டிராத உறைவை மேசையில் காட்டியது. இதற்காகவே அதை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

அதோடு வாழப் பழகவும் வேண்டும். முதல் முறைப்பாட்டைச் சொன்னதும் லொக்டெப் தன்னை நிறுத்திக்கொள்கிறது. அடுத்ததைப் பார்க்கப் பலகையை மீண்டும் தொடக்க வேண்டும். பூட்டுகளைத் தனித்தனியாக அல்லாமல் வகையாகப் பார்ப்பதால், ஒரே ட்ரைவரின் இரண்டு அறைப் பூட்டுகளை ஒன்றின்பின் ஒன்றாகப் பிடித்தாலும் எச்சரிக்கும். எது எதற்குள் பிடிக்கப்படுகிறது என்ற உள்நிலையை நாமே குறித்துக் கொடுக்க வேண்டும். பை 3இல் வேகமும் குறைகிறது, ஆகையால் களப் பலகைகளில் வைப்பதில்லை.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வேலை முடிந்தது என்று காத்திருப்பவருக்குச் சொல்லும் கம்ப்ளீஷனுக்காகக் காத்திருப்பதை லொக்டெப் பூட்டாகப் பார்ப்பதில்லை. அதற்கெனச் சேர்த்த பகுதியை 2017 டிசம்பரில் கெர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மெயில்பொக்ஸ் பதிலைக் கொண்டுவரும் பக்கம், காத்திருப்பவர் பிடித்திருக்கும் பூட்டையே கேட்டால், ஒரு வினாடி அமைதி, பிறகு நேரம் முடிந்தது என்ற செய்தி, அவ்வளவுதான். இதைக் கண்ணால் வாசித்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இனிச் சார்புகள். மெயில்பொக்ஸ் எழாமல் நிலைபொருள் ட்ரைவர் எழ முடியாது, அது எழாமல் கடிகாரமும் அட்டை ட்ரைவரும் எழ முடியாது. தேவையானது இன்னும் வரவில்லை என்றால் பிறகு முயல்கிறேன் என்று ட்ரைவர் ஒத்திப்போடும் வசதி 2012இல், கெர்னல் 3.4இல் வந்தது. தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையே இணைப்பை வைத்து, உறங்கும்போதும் கழற்றும்போதும் வரிசையைக் காக்கும் சாதன இணைப்பு 4.10இல் வந்தது. பலகையில் உள்ள சாதனங்களை விவரிக்கும் சாதன மரத்தைப் படித்துத் தானாகவே இணைப்பு போடும் வழி 2021இல் 5.13 முதல் இயல்பாக இயங்குகிறது. இந்தக் கடைசி மாற்றம் எங்கள் வாழ்க்கையை எளிதாக்கியது. ஆனால் அது கடிகாரம், ஜிபிஐஓ, மெயில்பொக்ஸ் போன்ற பொதுப் பெயர்களை மட்டுமே அறியும். அட்டைக்காரர் தாமே வைத்த பெயரில் நிலைபொருளைச் சுட்டியிருந்ததால் இணைப்பு விழவில்லை. அவர்களுடைய ட்ரைவர் ஒத்திப்போடாமல், சாதனமே இல்லை என்று சொல்லி விலகிக்கொண்டது. எஸ்டி நினைவக அட்டை வேகமானதென்றால் எழும், மெதுவானதென்றால் எழாது. ஒத்திப்போட்டவற்றின் பட்டியலைக் கெர்னலின் பிழைதிருத்தக் கோப்பகத்தில் பார்த்தபோது அதன் பெயரே அங்கே இல்லை, அதுதான் துப்பு.

கழற்றும் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். நிலைபொருள் ட்ரைவரின் மியூடெக்ஸ் கெர்னல் முழுவதற்கும் பொதுவான நிலையான மாறி. பதிலுக்குக் காத்திருக்கும் கம்ப்ளீஷனோ அந்தச் சாதனத்தின் கட்டமைப்புக்குள் இருக்கிறது. தானும் ஒரு நுகர்வோர் என்று எண்ணிக்கை ஏற்றாமல், அந்தக் கட்டமைப்பின் முகவரியான சுட்டியை மட்டும் பிடித்து வைத்திருக்கும் ட்ரைவர், நிலைபொருள் ட்ரைவரைக் கழற்றிய பிறகும் பூட்டைச் சரியாகவே எடுக்கும். லொக்டெப்புக்கு எல்லாம் ஒழுங்கு. ஆனால் பூட்டின் உள்ளே அது தொடுவது விடுவிக்கப்பட்ட நினைவகம். தவறான நினைவகத் தொடுதலைப் பிடிக்கும் கேஏசான் சோதனையோடு கட்டிய கெர்னல்தான் அதைக் காட்டியது. நுகர்வோரை எண்ணும் முறை இப்போது கெர்னலிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் அழைப்பால் சுட்டியைப் பெற்றால், கடைசி நுகர்வோர் விடும்வரை கட்டமைப்பு போகாது.

ஒரு வினாடி முடிந்த பிறகு வரும் தாமதப் பதிலையும் யோசியுங்கள். அதற்குள் மியூடெக்ஸ் விடப்பட்டு, அடுத்தவர் தன் கோரிக்கையோடு காத்திருப்பார். பழைய பதில் அவரை எழுப்பிவிடும். அவருடைய இடத்தில் வெற்றிக் குறி இன்னும் எழுதப்படாததால் ட்ரைவர் பிழை சொல்லித் திரும்புகிறது. அந்த ஒரு வரிச் சோதனை தப்பான தரவு மேலே போகாமல் காக்கிறது. அதைத் தேவையற்றது என்று நீக்க யாராவது வந்தால், நான் எதிர்ப்பேன்.

எங்கள் பக்கத்தில் நிலைபொருள் கேள்விகள் அனைத்தையும் ஒரே பணிவரிசைக்கு மாற்றி, சாதன இணைப்பைக் கையால் சேர்த்து, கடிகார அறிவிப்பில் பூட்டே எடுக்காதபடி எழுதிவிட்டோம். அட்டைக்காரருக்கும் திருத்தங்களை அனுப்பினோம், சிலவற்றை ஏற்றார்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் ஒவ்வோர் ஆண்டும் புதிய கெர்னலை லொக்டெப்போடும் கேஏசானோடும் மேசையில் ஓட்டி, மின்சாரத்தைத் தாழ்த்தியும் ட்ரைவரைக் கழற்றி மாட்டியும் பார்த்த பிறகே கொட்பேக்கு எடுத்துப் போகிறோம்.