வாசிப்பவர் குரலும் இயந்திரக் குரலும்

புதுக்குடியிருப்பிலிருந்து வவுனியாவுக்குப் பஸ்ஸில் போகையில் புத்தகம் கேட்க விரும்புபவருக்கு இரண்டு வழிகள் உண்டு: ஒருவர் வாசித்துப் பதிவுசெய்த ஒலிநூல், அல்லது எழுத்தைத் தானே உச்சரிக்கும் கைபேசிக் குரல்.

செலவைப் பார்த்தால் இயந்திரமே மேல். குரற்கோப்பை ஒருமுறை தரவிறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத காட்டுப் பாதையிலும் அது வாசிக்கும். ஒலிநூலோ, விநாடிக்கு 64 கிலோபிற் தரத்தில்கூட, மணிக்கு ஏறத்தாழ 29 மெகாபைற் டேட்டாவை எடுக்கும்.

உச்சரிப்பில் நிலைமை தலைகீழ். ‘பாவம்’ என்ற ஒரே எழுத்துக்கோவை இரங்கத்தக்க நிலையையும், வேறு ஒலியோடு நடிப்பின் மெய்ப்பாட்டையும் குறிக்கும். எது பொருள் என்பதை வாசிப்பவர் அறிவார், இயந்திரம் ஊகிக்கவே முடியும். எம்மவர் எழுத்து வழக்கம் இதனினும் சிக்கலானது: ஈழத்து நூல்களில் ‘ரிக்கற்’ என்று அச்சிட்டிருப்பதை வன்னி வாசகர் தயங்காமல் ‘டிக்கற்’ என்றே ஒலிப்பார், தமிழ்நாட்டு எழுத்துமுறைக்குப் பழகிய குரலோ உள்ளபடியே உச்சரித்துக் கேட்பவரைத் திகைக்க வைக்கும். (ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் கொடுத்துக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்பை, இன்றைய பொதுக் குறிமுறையான யுனிகோடுக்கு மாற்றாமல் கொடுத்தால் காதில் வருவது தமிழே அல்ல.)

எனவே கட்டுரைக்கும் பாடக்குறிப்புக்கும் இயந்திரத்தை நான் தயங்காமல் பயன்படுத்துவேன். பேச்சுவழக்கு நிறைந்த சிறுகதைக்கு மனிதக் குரலே வேண்டும். ஒலிநூலாக வராத கதையென்றால், கண் மங்கிய அப்பம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.