வீணைப் பெட்டியோடு பார்த்த டீசல் எஸ்டேட்கள்

"எஸ்டேட்டா? எத்தனை ஏக்கர்?" என்று வவுனியாவிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எஸ்டேட் என்றால் எங்கள் காதுக்குத் தேயிலைத் தோட்டம்தான். கூரை பின்கதவு வரைக்கும் நீண்டு, டிக்கியும் இருக்கைகளும் ஒரே அறையாக இருக்கும் காருக்கு இங்கிலாந்தில் அதுதான் பெயர் என்று விளக்கினேன். "பழைய பிரேத வண்டி மாதிரியா?" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை.

என் பழைய டீசல் எஸ்டேட், ஐரோப்பியப் புகைத் தரத்தில் யூரோ 5 ரகம். 2023 ஆகஸ்ட் 29 அன்று லண்டனில் அதிகம் புகை கக்கும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் யூலெஸ் வலயம் எல்லா உள்ளூராட்சிப் பகுதிகளுக்கும் விரிந்தபோது, ஹரோவில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து அதை எடுத்தாலே நாளொன்றுக்கு 12.50 பவுண் என்றானது. டீசல் கார் தப்ப வேண்டுமென்றால் யூரோ 6 தரத்தில் இருக்க வேண்டும். வேலை மில்டன் கீன்ஸில். ஒரு வழிக்கு 45 மைல் அளவில், பெரும்பகுதி எம்1 நெடுஞ்சாலை. டீசல் கார் எதற்காகச் செய்யப்பட்டதோ, அந்த ஓட்டம். ஆகவே டீசலை விடுவதா என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. எந்த டீசல் என்பதைத்தான் மூன்று மாதம் யோசித்தேன்.

அளவுகோல் ஒன்று கையில் இருந்தது. மகள் வீணை படிக்கிறாள். வீணைப் பெட்டி நாலரை அடி நீளம். குடம் இருக்கும் பக்கம் அகலம், யாளி முகத்தின் பக்கம் ஒடுக்கம். அதை விற்பனைக்காரர்களின் முற்றங்களுக்கு எல்லாம் எடுத்துப் போனேன். லிட்டர் கணக்கு விளம்பரத்தாள் சொல்லும். இரண்டு பிள்ளைகளும் ஒரு வீணையும் சேர்ந்து ஏற முடியுமா என்பதை அது சொல்லாது.

முதலில் ஸ்கோடா ஒக்டேவியா, 2013இல் வந்த மூன்றாம் தலைமுறை, 2.0 டிடிஐ டீசல் எஞ்சின், 150 குதிரைசக்தி. டிக்கி 610 லிட்டர், பின் இருக்கைகளை மடித்தால் 1,740. வோக்ஸ்வாகன் கோல்ஃப் காரோடு அடித்தளத்தைப் பகிரும் வண்டிக்கு இது அதிகம். வாசல் தாழ்வு, இருபது கிலோ அரிசி மூட்டையை முழங்கால் உயரத்திலேயே உள்ளே தள்ளிவிடலாம். வீணைக்காகப் பின் இருக்கையில் ஒரு பக்கத்தை மடிக்க வேண்டியிருந்தது. அப்படியானால் பின்னால் பிள்ளைகள் இருவரும் நெருங்கி உட்கார வேண்டும். தகராறு நிச்சயம்.

வோக்ஸ்வாகன் குழுமத்து டீசல் என்றதும் 2015 செப்டம்பரில் வெடித்த மோசடிதான் எல்லோருக்கும் நினைவு வரும். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள் சிக்கிய விவகாரத்தின் மையம் இஏ189 என்ற எஞ்சின். மூன்றாம் தலைமுறை ஒக்டேவியாவில் இருப்பது அதற்குப் பின் வந்த இஏ288. ஆனால் ஒரு பொறி உண்டு: இதே உருவத்தில் முதல் வருடங்களில் வந்தவை யூரோ 5. புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் யூரோ 6 கட்டாயமானது 2015 செப்டம்பரில்தான். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், ஒன்றுக்கு 12.50, மற்றதற்கு ஒன்றுமில்லை. லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் தளத்தில் வண்டி இலக்கத்தைப் போட்டுப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

இந்த எஞ்சினின் நோய்கள் கராஜ்காரர்களுக்கு மனப்பாடம். குளிர்நீர்த் தொட்டிக்குள் சிலிக்கா மணிகள் நிரப்பிய சிறு பை இருக்கும். அது கிழிந்தால் மணிகள் கரைந்து ஹீட்டரின் நுண்குழாய்களை அடைத்துவிடும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இடது, வலது காற்றுத் துவாரங்களில் கை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வெதுவெதுப்பு, மறுபக்கம் சூடு என்றால் சந்தேகப்படலாம். இன்னொன்று வாட்டர் பம்ப். எஞ்சின் சீக்கிரம் சூடேற வேண்டும் என்று அதில் நீரோட்டத்தை மறைக்கும் ஒரு வளையம் வைத்தார்கள். அது மூடியபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும். டைமிங் பெல்ட்டோடு பம்பும் மாற்றிய ரசீது இருந்தால் பாதி கவலை போயிற்று. கியர் விஷயத்தில் 1.6 டிடிஐயோடு வந்த ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி தானியங்கிப் பெட்டியை விட, 2.0வோடு வந்த ஈரக் கிளட்ச் ஆறு கியர் பெட்டி உறுதியானது. 40,000 மைலுக்கு ஒருமுறை அதன் எண்ணெயை மாற்றினார்களா என்று மட்டும் கேளுங்கள். "மாற்றத் தேவையில்லை" என்று விற்பவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அண்ணன்காரனான ஸ்கோடா சுபெர்ப் எஸ்டேட்டையும் பார்த்தேன். 660 லிட்டர், மடித்தால் 1,950, முன்கதவுகளுக்குள் குடை. எங்கள் தெருவில் நிறுத்த இடமில்லை, விட்டுவிட்டேன்.

இனி வொல்வோ வி70. மனசு போன வண்டி இதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கி 575 லிட்டர்தான், கணக்கில் ஒக்டேவியாவை விடக் குறைவு. ஆனால் சுவர்கள் நேராக இருப்பதால் பெட்டிகள் செங்கல் அடுக்கியதுபோல் அடங்கும். பின் இருக்கை மூன்றாகப் பிரிகிறது, 40, 20, 40 என்று. நடுத்துண்டை மட்டும் மடித்தேன். வீணைப் பெட்டியின் குடப்பக்கம் டிக்கியில் அமர்ந்தது. ஒடுங்கிய பக்கம் இடைவெளி வழியாக முன்னால் வந்து இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் நின்றது. மகள் இடது பக்கம், மகன் வலது பக்கம், நடுவில் யாளி. இனி ஒருவர் மேல் ஒருவர் கை வைக்க முடியாது. மனைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே பாதி விற்பனை முடிந்துவிட்டது. ஓரத்து இருக்கைகளுக்குள்ளேயே பிள்ளைகளை உயர்த்தி உட்கார வைக்கும் மடிப்பு மெத்தை வேறு கிடைக்கும்.

சிக்கல் ஆண்டில் இருந்தது. வி70இன் உற்பத்தி 2016இல் நின்றுவிட்டது. எல்லோரும் கொண்டாடும் ஐந்து சிலிண்டர் டி5இல் பெரும்பாலானவை யூரோ 5. லண்டனுக்கு ஏற்றது கடைசி ஒன்றிரண்டு வருடங்களில் வந்த நான்கு சிலிண்டர் டி4, 181 குதிரைசக்தி. அவை குறைவு, கிடைத்தாலும் விற்பவர்கள் அதன் அருமை தெரிந்தே விலை சொல்கிறார்கள். அந்த நான்கு சிலிண்டர் டீசலுக்கு ஒரு திரும்ப அழைப்பும் உண்டு. காற்று உள்ளே போகும் பிளாஸ்டிக் குழாய்த்தொகுதி சூட்டில் உருகி, மிக அரிதாகத் தீப்பிடிக்கலாம் என்று 2019 ஜூலையில் சுமார் 5 லட்சம் கார்களை வொல்வோ திரும்ப அழைத்தது. பிரித்தானியாவில் மட்டும் ஏறக்குறைய 70,000. அந்த வேலை முடிந்ததற்கான பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். நான் பார்த்த இரண்டு வி70களில் ஒன்றுக்கு அந்தப் பதிவு இல்லை. மற்றதன் உரிமையாளர், நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வருவதற்குள் விற்றுவிட்டார்.

மெர்சிடிஸ் ஈ-கிளாஸ் எஸ்டேட் வேறு உலகம். 2016 முடிவில் வந்த தலைமுறையின் ஈ220டி, 194 குதிரைசக்தி. டிக்கியை முழுதாக விரித்தால் 1,820 லிட்டர். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய தலைமுறையில் 1,950. வீணைப் பெட்டி ஒரு இருக்கையையும் மடிக்காமல் மூலைக்கு மூலை குறுக்காகப் படுத்துக்கொண்டது. பின்பக்கத்துக்குக் காற்றுப் பை சஸ்பென்ஷன், எவ்வளவு ஏற்றினாலும் பின்பாகம் தாழாது. ஜெர்மனியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்கு, மாமா மாமி, சமையல் சாமான், புடவைப் பெட்டி எல்லாவற்றோடும் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் போகும் குடும்பத்துக்கு இதற்கு மிஞ்சிய டீசல் எஸ்டேட் இல்லை. 2,100 கிலோ டிரெய்லர் இழுக்கும். ஒக்டேவியா 1,600.

ஆனால் அதே காற்றுப் பைகள் வயதானால் கசியும். இரவு நிறுத்திய கார் காலையில் பின்னால் குந்தியிருந்தால் அதுதான் காரணம். ஆட்புளூ இன்னொரு செலவு. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காகப் புகையில் தெளிக்கும் யூரியாக் கரைசல் அது, 32.5 சதவீதம். கரைசல் மலிவு, புகையை முகர்ந்து பார்க்கும் நாக்ஸ் சென்சார்கள் மலிவல்ல. அதில் பழுது வந்தால் "இன்னும் இத்தனை மைலுக்குப் பின் ஸ்டார்ட் ஆகாது" என்று திரையில் எண்ணத் தொடங்கும். எஞ்சின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், கார் மட்டும் உங்களுக்கு நாள் குறிக்கும். இது மெர்சிடிஸுக்கு மட்டும் உரியதல்ல, ஆட்புளூ உள்ள எல்லா யூரோ 6 டீசலுக்கும் உண்டு. ஈ-கிளாஸில் பில் பெரிது, அவ்வளவுதான்.

பி.எம்.டபிள்யூ 320டி டூரிங் ஓட்டுவதற்கு எல்லாவற்றையும் விட நன்றாக இருந்தது. பின்கண்ணாடியை மட்டும் தனியாகத் திறந்து கடைப் பையைப் போடலாம். 495 லிட்டரில் வீணை தோற்றது. பழைய என்47 எஞ்சினில் டைமிங் செயின் கியர்பெட்டிப் பக்கம் இருக்கிறது; அது தேய்ந்தால் அதை அடைவதற்கே கூலி எகிறும். 2015க்குப் பின் வந்த பி47 எஞ்சின் அதைவிட நல்லது. எஞ்சினுக்கே திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலருக்காக 2018இல் அறிவித்த திரும்ப அழைப்பு முடிந்ததா என்று பாருங்கள். தனியாக ஓட்டுபவர்கள் இதை வாங்கலாம்.

லண்டன் கிழக்கு ஹாமில் இருக்கும் மைத்துனர் இந்தத் தேடலைக் கேட்டுவிட்டு, தனக்கும் ஒரு டீசல் எஸ்டேட் பார்க்கச் சொன்னார். அவருடைய நாள்: பள்ளிக்கூடம் ஒன்றரை மைல், கடை இரண்டு மைல், கோயில் மூன்று மைல். வேண்டாம் என்றேன். டொயோட்டா கொரோலா டூரிங் ஸ்போர்ட்ஸ் 1.8 ஹைபிரிட் எடுத்தார். 596 லிட்டர் டிக்கி, டிபிஎஃப் என்ற டீசல் புகை வடிகட்டி இல்லை, ஆட்புளூ இல்லை, கிளட்ச் தட்டு இல்லை. டொயோட்டா கராஜிலேயே சர்வீஸ் செய்தால் பத்து வருடம் அல்லது 100,000 மைல் வரைக்கும் உத்தரவாதம் நீளும். இழுவை 750 கிலோதான். அவர் என்ன படகா இழுக்கப் போகிறார்?

அவருக்கு ஏன் மறுத்தேன் என்பது என் பழைய காரின் கதை. டிபிஎஃப் என்பது புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி. சில நூறு மைலுக்கு ஒருமுறை கூடுதல் டீசலைத் தெளித்து, 600 பாகை அளவுக்குச் சூடாக்கி, அந்தக் கரியை எரித்துவிடும். அதற்குப் பதினைந்து, இருபது நிமிடம் விடாமல் ஓட வேண்டும். பாதியில் நிறுத்தினால் கரி எரியாது. தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் எண்ணெயில் கலக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை. கார் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் போனது. ஆறு மாதத்தில் மஞ்சள் விளக்கு, பிறகு வேகம் ஏறாத முடக்கம். ஒரு கராஜில் அழுத்த சென்சாரை இரண்டு முறை மாற்றிப் பணம் வாங்கினார்கள், விளக்கு திரும்பி வந்தது. கடைசியில் ஹேய்ஸில் ஒரு அண்ணர் அடியில் படுத்து, சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாயை இரண்டு விரலால் வளைத்துக் காட்டினார். மயிரிழை வெடிப்பு. சென்சார் சரிதான், அதற்கு வந்த சேதிதான் பொய். குழாயின் விலை ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வராது.

அவரிடம் கற்றதை வைத்தே பிறகு எல்லாக் கார்களையும் பார்த்தேன். புகைக்குழாயின் வாய்க்குள் விரலைவிட்டுத் தடவுங்கள். டிபிஎஃப் நன்றாக இருந்தால் விரலில் கரி ஒட்டாது. அடுப்புக்கரியாக வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது யாரோ உள்ளே குடைந்துவிட்டார்கள். வடிகட்டியைக் கழற்றிய கார் 2014 பெப்ரவரியிலிருந்து எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையில் தேறாது. எண்ணெய்க் குச்சியில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் அது எண்ணெய் அல்ல, டீசல். ஸ்டார்ட் செய்யும் முன் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் அது எப்படி எழும் என்பதை விற்பவர் உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை. கியர் போடாத நிலையில் கேட்கும் கடகடப்பு, கிளட்சை மிதித்ததும் நின்றால், எஞ்சின் அதிர்வைத் தாங்கும் இரட்டைப் பறக்கும் சில்லு (டூயல் மாஸ் ஃப்ளைவீல்) தேய்ந்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன், அரசாங்கத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எம்ஓடி வரலாறு. ஒவ்வொரு வருடச் சோதனையிலும் மைல் எவ்வளவு என்று அதில் இருக்கும், கழித்துப் பாருங்கள். "ஒரே உரிமையாளர், வருடத்துக்கு 4,000 மைல், பாட்டியின் கார்" என்ற விளம்பரத்தைக் கண்டு பெற்றோல் காரென்றால் ஓடுங்கள், டீசலென்றாலும் ஓடுங்கள். திசை மட்டும் வேறு. வருடம் 18,000 மைல் ஓடிய விற்பனைப் பிரதிநிதியின் டீசல்தான் உள்ளே சுத்தமாக இருக்கும்.

அப்படிப்பட்ட ஒன்றைத்தான் வாங்கினேன். 2017 ஜனவரிப் பதிவு ஒக்டேவியா 2.0, ஆறு கியர் மெனுவல், 92,000 மைல், அதில் பெரும்பகுதி நெடுஞ்சாலை. ஏப்ரல் 2017க்கு முன் பதிவானவற்றுக்கு வீதிவரி கார்பன் அளவைப் பொறுத்தது என்பதால் அதிலும் கொஞ்சம் மிச்சம். பெல்ட்டும் பம்பும் மாற்றிய ரசீது இருந்தது. வொல்வோ கிடைத்திருந்தால் வொல்வோதான், மறைக்கவில்லை. ஒக்டேவியா என் தலை சொன்னது. ஹேய்ஸ் அண்ணருக்கு அந்த எஞ்சின் கண்ணை மூடிக்கொண்டு தெரியும் என்பதும் ஒரு காரணம்.

போன வெள்ளிக்கிழமை வீணை வகுப்பு முடிந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். சாவியைத் திருப்பிய பிறகும் முன்னால் மின்விசிறி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. லேசாகக் கருகல் வாசம். வடிகட்டி கரியை எரிக்கத் தொடங்கியிருக்கிறது. மகன் இறங்கிக் கதவைச் சாத்தினான். "அப்பா, வரவில்லையா?" என்றான். ஏ40 பக்கம் ஒரு சுற்றுப் போய்வருகிறேன், அம்மாவிடம் சாப்பாட்டை மூடி வைக்கச் சொல் என்றேன். வீணையை இறக்க மறந்துவிட்டோம். அதுவும் என்னோடு பீக்கன்ஸ்ஃபீல்டு வரை வந்து திரும்பியது.