ஜெர்மனி வேலைக்கு ஏற்காடா, சேலமா?

ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் வாய்ப்பு அமைந்தபோது, ஏற்காட்டில் குடியிருப்பதா, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கீழேயுள்ள சேலத்திலா என்ற கேள்வி எழுந்தது. இரண்டிலும் சில மாதங்கள் இருந்து பார்த்தேன்.

முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது கடிகாரம். ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், அங்கே காலை 9 மணி என்பது இங்கே பிற்பகல் 12.30 அல்லது 1.30. ஆகவே காலைப்பொழுது முழுவதும் நமக்கே சொந்தம். அந்தக் காலைக்கு ஏற்காட்டுக்கு ஈடில்லை: சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடியிலிருந்து பனி சொட்ட, காப்பித் தோட்டத்து ஓரமாக ஒரு மணி நேரம் நடக்கலாம்.

இரவு சேலத்துக்குரியது. ஒன்பதரை மணிக்குக் கணினியை மூடிவிட்டுத் தெருமுனைக்குப் போனால், இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் துருவிய பீட்ரூட்டும் வைத்து ஒரு செட் நீட்டுவார்கள். மலையில் அந்நேரம் கடைவீதி அடங்கியிருக்கும்.

மழைக்காலத்தில் மலையில் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடும். சிறப்பு மருத்துவரைப் பார்க்க 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். சேலத்தின் சித்திரை வெயில் கொடியதுதான், ஆனால் அதற்கு ஏசி உண்டு. நான் சேலத்திலேயே வீடு பிடித்தேன்; சனிக்கிழமை காலையில் மட்டும் மலையேறுகிறேன்.