டைமிங் செயினா, பெல்ட்டா, ஆயிலில் ஊறும் பெல்ட்டா?

பழைய கார் விற்கிற புரோக்கர்கள் வாயில் அடிக்கடி வருகிற வசனம் ஒன்று உண்டு: "இது செயின் வண்டி சார், ஆயுசுக்கும் செலவே வராது." பெல்ட் வண்டியாக இருந்தால் அதே ஆள் மைலேஜ், ஏசி, புது டயர் என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். பேச்சு இன்ஜினுக்குள் வால்வுகளை நேரத்துக்கு இயங்க வைக்கும் டைமிங் செயின், டைமிங் பெல்ட் பற்றி. பெல்ட் என்றால் செலவு, செயின் என்றால் நிம்மதி என்று நாமும் நம்பிவிட்டோம். இதில் பாதிதான் உண்மை. பெல்ட்டின் ஆயுள் வண்டியோடு வரும் மேனுவலில் இருக்கிறது, செயினின் ஆயுள் ஆயில் மாற்றிய பில்லில் இருக்கிறது என்பது என் கட்சி. இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது: ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட். அதற்கு இரண்டு பக்கத்துக் கவலையும் உண்டு.

மூன்றும் செய்கிற வேலை ஒன்றுதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு ஒதுங்கியிருக்க வேண்டும். இன்றைய பெரும்பாலான இன்ஜின்களில் இந்தக் கணக்கு பெரிதாகத் தப்பினால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். வால்வு வளைந்தால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கியாக வேண்டும். அதற்குமேல் பில் எவ்வளவு என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

செயினிலிருந்து தொடங்கலாம். மெக்கானிக்குகள் "செயின் இழுத்துடுச்சு" என்பார்கள். உண்மையில் இரும்புத் தகடு ரப்பர்போல நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணியோடு கோர்க்கும் பின்னும் அது உட்காரும் துளையும் தேய்கின்றன. 8 மில்லிமீட்டர் இடைவெளியில் 150 கண்ணிகள் உள்ள செயின் என்று வையுங்கள், மொத்த நீளம் 1,200 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டிலும் 0.04 மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், செயின் 6 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அந்தத் தேய்மானம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆனால் 6 மில்லிமீட்டர் தளர்ந்த செயினை வைத்துக்கொண்டு கேம்ஷாஃப்டால் நேரம் பார்க்க முடியாது.

இந்தத் தளர்ச்சியை வாங்கிக்கொள்ளத்தான் டென்ஷனர் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் இது ஆயில் பிரஷரில் வேலை செய்யும் சின்ன பிளஞ்சர், அதாவது தள்ளுதண்டு. செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டையான கைடை அழுத்தி, கைடு வழியாகச் செயினை இறுக்கிப் பிடிக்கும். செயினுக்கு மசகு, டென்ஷனருக்கு பலம் இரண்டையும் கொடுப்பது ஒரே ஆயில்தான். அது கெட்டால் தேய்மானமும் வேகமாகும், அதைச் சமாளிக்கும் கையும் தளரும்.

இதன் முதல் அறிகுறி காலையில் கேட்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது, செயின் கவர் இருக்கும் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு வினாடி கலகலவென்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. டென்ஷனருக்குள் ஆயில் ஏறும்வரை செயின் தொங்கி அடிக்கிற சத்தம் அது. சூடான இன்ஜினில் கேட்காது. புரோக்கர் நீங்கள் போவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் காரணத்தை யோசிக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் எல்லாப் பழியையும் செயின்மேல் போட வேண்டியதில்லை. மலிவான ஆயில் ஃபில்டர் போட்டாலும் இதே சத்தம் வரலாம். ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும். அது ஒழுங்காக மூடாவிட்டால் ராத்திரியில் ஆயில் எல்லாம் கீழே இறங்கிவிடும், காலையில் பம்ப் முதலிலிருந்து நிரப்ப வேண்டும். செயின் கிட் மாற்றச் சொன்னால், முதலில் நல்ல ஃபில்டர் ஒன்றைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர்ச் சாலைகளில் இந்த ஒப்பீட்டுக்கு ஏற்ற இரண்டு வண்டிகள் உண்டு. ஒன்று டீசல் டிசையர், மற்றது பழைய இன்னோவா. இரண்டுமே டாக்ஸியாகப் பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஜாதி. டிசையரில் இருந்தது ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின். ஸ்விஃப்ட், எர்டிகா, டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல பெயர்களில் ஓடியது இதேதான். இதில் செயின், அதுவும் ஒற்றை வரிசை. 2005 முதல் 2016 வரை விற்ற இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலில் பெல்ட்.

இன்னோவாக்காரருக்குக் குழப்பம் இல்லை. மாற்றும் நேரம் வந்தால் மீட்டரில் 'டி-பெல்ட்' என்று ஒரு விளக்கே எரியும். பெல்ட், டென்ஷனர், பெல்ட்டைத் தாங்கும் உருளையான ஐட்லர் மாற்றினோமா, விளக்கை ரீசெட் செய்தோமா, அடுத்த ரவுண்டு. செலவு முன்கூட்டியே தெரியும், டிராவல்ஸ் முதலாளி நோட்டில் எழுதி வைப்பார். மல்டிஜெட்டில் அப்படி எந்த விளக்கும் இல்லை. மொத்தமே சுமார் 3 லிட்டர் ஆயில்தான் பிடிக்கும், அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. டீசல் புகைக்கரி வேறு ஆயிலில் கலந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத்தாள்போலப் பின்களைத் தேய்க்கும். ஆயிலை ஒழுங்காக மாற்றியவர் அதே செயினோடு வண்டியை அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறார். "இன்னும் ரெண்டு டிரிப் போயிட்டு மாத்திக்கலாம்" என்றே ஓட்டியவர் கைடு, டென்ஷனர், செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியிருக்கிறார், அதுவும் வால்வு தப்பியிருந்தால். செயின் மாற்றுவது பெல்ட் மாற்றுவதைவிடப் பெரிய வேலை. முன்கவரைக் கழற்ற வேண்டும், பல இன்ஜின்களில் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பையும் இறக்க வேண்டும், திரும்பப் பூசும் சீலன்ட் சரியில்லாவிட்டால் புதிதாக ஒழுகல்.

இந்த ஜோடியில் என் ஓட்டு யாருக்கு? ஆயில் விஷயத்தில் கறாரான ஒரே ஓனர் ஓட்டிய வண்டி என்றால் செயின். கைமாறிக் கைமாறி வந்த வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெல்ட். பெல்ட்டில் முந்தைய ஓனரின் பாவத்தை ஒரே நாளில் கழித்துவிடலாம், புதிது போட்டால் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். இத்தனைக்கும் 2016இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவில் டொயோட்டா செயினுக்கு மாறிவிட்டது.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. ஃபோக்ஸ்வாகனின் இஏ111 வரிசை 1.2, 1.4 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் செயின் இருந்தது, அதில் தொல்லை அதிகம். 2012இல் வந்த இஏ211 வரிசையில் நிறுவனம் பெல்ட்டுக்கே திரும்பிவிட்டது. இன்று டைகன், விர்டஸ் ஓட்டுபவர்களிடம் இருப்பது அந்தப் பெல்ட் இன்ஜின்தான். பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் செயினை கியர்பாக்ஸ் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். அதில் சத்தம் வந்தால் இன்ஜினையே வெளியே எடுக்கிற அளவுக்கு வேலை. ஆயுசுக்கும் மாற்ற வேண்டாத பாகத்தை எங்கே வைத்தால் என்ன என்று நினைத்திருப்பார்கள் போலும்.

பெல்ட்டையும் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டாம். அது பெரும்பாலும் சொல்லிவிட்டு அறுபடாது. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயதானால் ரப்பர் வெடிக்கும். ஷெட்டில் நின்றே ஏழெட்டு வருடம் கழித்த வண்டியை "ரொம்பக் கம்மியா ஓடினது" என்று விற்பார்கள், அதில் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் வாங்கிய கையோடு மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். கேம், கிராங்க் ஆயில் சீல் கசிந்து பெல்ட்டில் பட்டாலும் அதன் ஆயுள் குறையும். பெல்ட்டே வாட்டர் பம்பைச் சுழற்றும் இன்ஜின் என்றால் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பிரிக்கிற கூலி ஒன்றுதானே.

சரி, மூன்றாவது ஆள். உராய்வும் சத்தமும் குறையும் என்று பெல்ட்டை ஆயிலுக்குள்ளேயே ஓடவிட்டார்கள். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் இதில் பேர்போனது. 2012 முதல் 2014 வரை மூன்று வருடம் தொடர்ந்து உலகின் சிறந்த இன்ஜின் விருது வாங்கியது. 2013இல் வந்த ஈக்கோஸ்போர்ட் வழியாக இங்கேயும் ஓடியது. ஐரோப்பாவில் பெஜோ, சிட்ரோயன் கார்களின் 1.2 ப்யூர்டெக்கும் இதே வகை.

இங்கே ஆயில்தான் பெல்ட்டின் குளிக்கிற தண்ணீரும் விஷமும். தவறான ஆயிலோ, பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயிலோ ரப்பரை ஊற வைத்து உதிர்க்கும். உதிர்ந்த துணுக்குகள் சம்பில் இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கும் வலையான ஸ்ட்ரெய்னரில் அப்பிக்கொள்ளும். பெல்ட் அறுவதற்கு முன்பே ஆயில் பிரஷர் போய் இன்ஜின் மொத்தமும் பட்டினி கிடக்கும். ப்யூர்டெக்கில் இந்தத் துணுக்குகள் பிரேக்குக்கு உதவும் வேக்யூம் பம்ப்வரை போனதால் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. 2024இல் இந்த இன்ஜின்களுக்கு 10 வருடம் அல்லது 1,75,000 கிலோமீட்டர்வரை உத்தரவாதத்தை நீட்டினார்கள். பின்னால் வந்த புதிய பதிப்புகளில் ஃபோர்டும் சரி, பெஜோ, சிட்ரோயனும் சரி, செயினுக்குத் திரும்பிவிட்டார்கள். இந்த ஒப்பீட்டில் இதைவிடத் தெளிவான தீர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

ஈக்கோஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம், டீசல் ஈக்கோஸ்போர்ட்டில் இருப்பது சாதாரண உலர் பெல்ட். 1.0 ஈக்கோபூஸ்டும், 2017க்குப் பிறகு வந்த 1.5 மூன்று சிலிண்டர் பெட்ரோலும்தான் ஆயில் பெல்ட். அவற்றில் மேனுவலில் போட்டிருக்கும் ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். பக்கத்துக் கடையில் இருந்ததை "இதுவும் அதேதான் சார்" என்று ஊற்ற விடாதீர்கள்.

இனி ஆயில். இங்கேயும் இரண்டு கட்சி: மினரல் ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றும் கட்சி, ஃபுல் சிந்தெடிக் போட்டு 10,000, சில பேர் 15,000 வரை ஓட்டும் கட்சி. சிந்தெடிக் நல்ல ஆயில்தான், குளிரில் சீக்கிரம் மேலே ஏறும், சூட்டில் சீக்கிரம் கெடாது. ஆனால் எரியாத பெட்ரோலும் கரியும் ஆயிலில் சேர்வது இன்ஜினையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்தது, டப்பாவின் விலையைப் பொறுத்தது அல்ல. டி.நகர் டிராபிக்கில் ஒரு மணி நேரம் நின்ற வண்டிக்கு மீட்டரில் ஐந்தாறு கிலோமீட்டர்தான் ஏறும், இன்ஜினோ ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். குறுந்தூர ஓட்டம், தூசு, நெரிசல் உள்ள இடங்களுக்கு இடைவெளியைக் குறைக்கச் சொல்லும் பகுதி பல மேனுவல்களில் உண்டு, யாரும் படிப்பதில்லை. மேனுவல் சொன்ன தரத்தில் சுமாரான விலை ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது, விலையுயர்ந்த ஆயிலை இழுத்தடிப்பதைவிட மேல் என்பேன்.

டப்பாவில் ஒரு விஷயம் பாருங்கள். பெட்ரோல் வண்டிக்கு, அமெரிக்க பெட்ரோலியம் அமைப்பான ஏபிஐயின் எஸ்பி தரமோ அதற்குப் புதிய தரமோ இருக்கிறதா என்று. 2020இல் வந்த எஸ்பி தரத்தில்தான் டைமிங் செயின் தேய்மானத்துக்கென்று தனிப் பரிசோதனையே சேர்ந்தது. பிஎஸ்6 டீசலுக்குக் கணக்கு வேறு, புகை வடிகட்டி அடைக்காத குறைந்த சாம்பல் ஆயில் வேண்டும்.

சத்தம் வருகிறது என்று 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில் ஊற்றிவிடும் வைத்தியம் இன்னும் இருக்கிறது. சத்தம் கொஞ்சம் அடங்கும், விற்கிறவருக்கு அது போதும். காலையில் அந்தக் கெட்டி ஆயில் டென்ஷனருக்குப் போய்ச் சேர இன்னும் தாமதமாகும், தேய்மானம் உள்ளே தொடரும். உள்ளே கசடு (ஸ்லட்ஜ்) கட்டிய பழைய இன்ஜினுக்கு அதைக் கழுவும் ஃபிளஷ் திரவம் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே நேரத்தில் பெயர்ந்து வரும் கசடு ஸ்ட்ரெய்னரை அடைக்கும். 2,000, 3,000 கிலோமீட்டரில் இரண்டு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் அதுவே மெல்லக் கரைந்து வரும்.

ஆகவே செயின் வண்டி பார்க்கப் போகும்போது, இன்ஜின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் வருவதாக முன்பே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்து, அடியில் தார்போலக் கருப்பாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் அளவு குறைந்திருந்தால் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஸ்கேனர் உள்ள மெக்கானிக் கூட வந்தால் பி0016 கோட் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று வண்டியே ஒப்புக்கொள்வது அது. கோட் அழிக்கப்பட்டிருக்கலாம், அதனால் பில்களையும் கேளுங்கள். கிலோமீட்டரையும் தேதியையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எங்கே 20,000 கிலோமீட்டர் ஆயில் மாற்றாமல் ஓடியது என்று தெரிந்துவிடும். பில்லே இல்லை, "நம்ம தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட மாத்தினது" என்றால் செயின் கிட் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பத்து வருடத்தை நெருங்கும் ஈக்கோபூஸ்ட் என்றால் பில் இருந்தாலும் பெல்ட் செலவைக் கழித்தே பேசுங்கள்.