மிச்சிகன் பல்கலைக்கழக டிரைவர் இல்லாத ஷட்டில்: வண்டி சரி, ஓடிய இடம்தான் இடிக்கிறது

இந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே மாணவர்களின் பெரிய பாடு சென்ட்ரல் கேம்பஸுக்கும் நார்த் கேம்பஸுக்கும் நடுவே அலைவதுதான். அதற்கு இலவச நீல பஸ் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் எம்சிட்டி ஆராய்ச்சி மையம் 2018 ஜூனில் விட்ட டிரைவர் இல்லாத ஷட்டிலோ அந்தப் பக்கமே போகவில்லை. நார்த் கேம்பஸுக்குள்ளேயே சுமார் ஒரு மைல் சுற்று, அவ்வளவுதான். அதுவும் வார நாட்களில் காலை 9 முதல் மாலை 3 வரை. வானிலை மோசமானால் அதுவும் கிடையாது, மிச்சிகன் குளிர்காலத்தை வைத்துக்கொண்டு!

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். பிரான்ஸின் நவ்யா நிறுவனம் செய்த மின்சார ஷட்டில், 11 பேர் போகலாம். ஸ்டீயரிங் இல்லை, பெடல் இல்லை, முன்பக்கம் எது பின்பக்கம் எது என்றே தெரியாத கண்ணாடிப் பெட்டி. லேசர் ஒளியால் சுற்றிலும் இருப்பதை அளக்கும் லைடாரும் ஜிபிஎஸ்ஸும் பார்த்துக்கொண்டு, முன்பே பதிந்து வைத்த பாதையில் பிசகாமல் போகும். உள்ளே ஒரு கண்டக்டரும் உண்டு, டிக்கெட் கிழிக்க இல்லை, ஏதாவது ஏடாகூடமானால் வண்டியை நிறுத்த. வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் அளவுதான், சைக்கிள்காரர் சாவகாசமாக முந்திவிடுவார்.

மெதுவாகத்தானே போகிறது, என்ன ஆகிவிடும் என்று கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற ஆளா நீங்கள்? அமெரிக்காவிலேயே ஒஹாயோவின் கொலம்பஸில், ஈசிமைல் என்ற இன்னொரு நிறுவனத்தின் ஷட்டில் 2020 பிப்ரவரியில் மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சட்டென்று பிரேக் போட்டதில் ஒரு பயணி இருக்கையிலிருந்து கீழே விழுந்துவிட்டார். உடனே அந்த நாடு முழுக்க ஓடிய 16 ஈசிமைல் வண்டிகளிலும் ஆள் ஏற்றக் கூடாது என்று உத்தரவு வந்தது, அப்புறம்தான் சீட் பெல்ட் எல்லாம். இந்த ரக வண்டிகளுக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்தாலும் முதலில் பிரேக்தான், மனிதர் மாதிரி கொஞ்சம் வேகம் குறைத்துப் பார்ப்போமே என்ற யோசனை இல்லை.

எம்சிட்டிக்காரர்கள் ஒன்றை மறைக்கவில்லை. பயணிகளும் ரோட்டில் நடப்பவர்களும் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம், அதற்காகவே உள்ளேயும் வெளியேயும் கேமரா. 2019 டிசம்பரில் சேவையை முடித்துக்கொண்டார்கள். ஆராய்ச்சியாகப் பார்த்தால் முழு மதிப்பெண். போக்குவரத்தாகப் பார்த்தால் ஐந்துக்கு இரண்டரை. இதே வண்டியை இரவு 9 மணிக்கு மேல் நூலகத்துக்கும் விடுதிக்கும் நடுவே விட்டிருந்தால், இந்த வேகத்திலேயே, நான்கு கொடுத்திருப்பேன்.